அடித்த நாலு வரி

“ஆண்டவரே கமா இந்த மனுஷனைச் சீக்கிரம் எடுத்துக்கொள்ளும் முற்றுப்புள்ளி,” என்று வாசித்தாள் ரேடியோ.

அக்காவின் கையிலிருந்த சிவப்புப் பேனா அப்படியே நின்றது.

அந்த அச்சகத்தில் பிழை பார்ப்பது எப்போதும் இரண்டு பேர் வேலை. ஒருத்தி ஆசிரியரின் கையெழுத்துப் பிரதியைக் கமா, புள்ளி எதையும் விடாமல் உரக்க வாசிப்பாள். மற்றவள் அச்சான தாளில் விரலை ஓட்டிக்கொண்டே பிழை பிடிப்பாள். நாள் முழுக்க வாசிக்கிற சின்னவளுக்கு ரேடியோ என்று பெயர். அழுகிற இடமானாலும் சிரிக்கிற இடமானாலும் அவளுக்கு ஒரே குரல்தான். பிழை பிடிக்கிறவள் எல்லோருக்கும் அக்கா.

அக்காவுக்கு வழக்கமாகப் பள்ளிக்கூடப் புத்தகங்கள்தான் வரும். வேதப் புத்தகங்கள் பார்க்கிறவர் லீவில் போயிருந்ததால் இது அவள் மேசைக்கு வந்துவிட்டது.

எழுதியவர் அவளுடைய பாஸ்டர்தான். பாடுகளையும் ஜெபத்தையும் பற்றிய புத்தகம். முதல் எட்டு அத்தியாயங்களில் சிங்கத்தின் முன்னால் நின்றவர்கள், சிறைக்குள் பாடியவர்கள், வேதத்தை மாவுப் பானைக்குள் ஒளித்து வைத்தவர்கள் என்று பழைய காலத்துச் சரித்திரம். இரண்டு இடங்களில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பிழை திருத்தினாள். ஒன்பதாம் அத்தியாயத்தில் பாஸ்டர் பழைய காலத்தை விட்டுவிட்டு, ‘எனக்குத் தெரிந்த ஒரு பெண்’ என்று ஆரம்பித்திருந்தார்.

“நான்கு வருடமாக இவருக்கு மலஜலம் அள்ளி என் கை மரத்துவிட்டது முற்றுப்புள்ளி. இவருக்கும் விடுதலை கொடும் கமா எனக்கும் விடுதலை கொடும் முற்றுப்புள்ளி.” ரேடியோ நிமிர்ந்து பார்த்தாள். “கட்டின புருஷன் சாகணும்னு ஜெபம் பண்றா பாருங்கக்கா. இவளெல்லாம் என்ன பொம்பளை?”



வார்த்தைக்கு வார்த்தை அது அக்காவுடைய ஜெபம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து அவள் கணவர் படுக்கையில் விழுந்தார். கண் திறந்திருக்கும், ஆனால் பேசுவது எதுவும் அவருக்குப் புரியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். காலையில் அவரைத் துடைத்து, துணி மாற்றி, ஊட்டிவிட்டு, வேலைக்குக் கிளம்பும் முன் கட்டில் ஓரம் உட்கார்ந்து, அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு அவள் அந்த ஜெபத்தைச் சொல்வாள். வாய்விட்டே சொல்வாள். கேட்பதற்குத்தான் யாரும் இல்லையே. கோயிலில் போய் இதைச் சொல்ல முடியுமா? நினைத்தாலே உடம்பு கூசும்.

வேறு யாரிடமும் அவள் மூச்சு விட்டதில்லை. அப்படியிருக்க பாஸ்டருக்கு எப்படித் தெரியும்?

பகலில் கணவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருகிறாளே, அவள்தான். சில நாள் எட்டு மணிக்கு முன்னாலேயே வந்துவிடுவாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருப்பாள். வியாழக்கிழமை மத்தியானம் பாஸ்டர் அவருக்கு வேதம் வாசிக்க வரும்போது ஒன்று விடாமல் ஒப்பித்திருப்பாள்.

அக்கா சிவப்புப் பேனாவை மேசையில் போட்டாள். ஒரு வியாழன் தவறாமல் வந்து, அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அவள் வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போன மனிதர், ஊரைக் கூட்டி அல்லவா சொல்லியிருக்கிறார். பெயர் போடாவிட்டால் ஆயிற்றா? முதுகில் குத்து வாங்கியதும் போதாதென்று கத்தியையும் அவளே தீட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் போனதும் முதல் வேலையாக அந்தப் பெண்ணை நிறுத்திவிட வேண்டும். அப்புறம் பாஸ்டரிடம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும்.

“அக்கா, இங்க நாலு வரியை அடிச்சிருக்காரு. உங்க தாள்ல வந்திருக்கா பாருங்க.”

அடித்த வரி தப்பித்தவறி அச்சில் ஏறிவிடக் கூடாது. அதனால் அடித்ததையும் ஒரு தடவை வாசித்து ஒத்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம்.

“வாசி,” என்றாள் அக்கா.

ரேடியோ பிரதியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். அடித்த மைக்கோட்டுக்கு அடியில் எழுத்துகள் நன்றாகவே தெரிந்தன.

“இதை எனக்குச் சொன்னவர் அவளுடைய கணவர்தான் முற்றுப்புள்ளி. ஒரு வருடமாக வியாழக்கிழமைகளில் நான் எழுத்து அட்டையைப் பிடிக்க கமா அவர் இடது கை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டிப் பேசுகிறார் முற்றுப்புள்ளி.”

இடது கை.

தினமும் அவள் பிடிக்கிற கை. ஒருநாள்கூட அது ஒரு விரலை அசைத்ததில்லை. இன்று காலையிலும் அசைக்கவில்லை.

“தாள்ல வரலைதானேக்கா?”

“வரலை. மிச்சத்தை வாசி.”

“அவளிடம் சொல்லிவிடாதீர்கள் கமா தெரிந்தால் ஜெபத்தை நிறுத்திவிடுவாள் என்று கேட்டுக்கொண்டார் முற்றுப்புள்ளி,” என்று வாசித்தாள் ரேடியோ, அதே குரலில். “மற்ற நேரமெல்லாம் துடைப்பதற்குத்தான் தொடுகிறாள் கமா அப்போது மட்டும்தான் என் கையைச் சும்மா பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றார் முற்றுப்புள்ளி. பத்தி முடிஞ்சதுக்கா.”