நாவலில் இல்லாத கணவர்

"என்னங்க, வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு..."

"முதல் வரியிலேயே ரெண்டு தப்பு!" அவர் நோட்டை மேசையில் அடித்தார். "இதையா அனுப்பப் போறே? பார்க்கிறவங்க சிரிக்க மாட்டாங்க?"

அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துகிறவர் அவர். மனைவி தையல் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, நாற்பத்தைந்து வயதில் அஞ்சல் வழியில் பட்டம் படிக்கிறாள். "பாடத்துல இருக்கிற பழைய நாவலைப் பத்தி எழுதினது, பிழை பார்த்துக் கொடுங்க" என்று நோட்டை நீட்டியிருந்தாள்.

"நீங்க இந்த நாவலைப் படிச்சிருக்கீங்களா?"

"நானா? கரைச்சுக் குடிச்சவன். அதை விடு, ஸ்கேலை எடு."

வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்தார். அது தொழில் பழக்கம். ஒரு நேரத்தில் ஒரு வரிதான் கண்ணில் படவேண்டும். 'எழுத்தைப் பாரு, அர்த்தத்தைப் பார்க்காதே. கதைக்குள்ள போனா கண்ணு வழுக்கிடும்' என்று அச்சகத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடமும் சொல்லுவார்.

"'கணவர் கெட்டவர் இல்லை.' அல்லர்! அல்லர்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்!"

சிவப்புப் பேனா கீறியது. ஸ்கேல் இறங்கியது.

"'ரெண்டு மாசமா அவள் இடது கை மரத்துப்போகுது.' எழுத்துல இப்படியா வரும்? 'இரண்டு மாதங்களாக', 'மரத்துப்போகிறது.' ஏன் என் மானத்தை வாங்கறே?"

மனைவி இடது கை விரல்களை வலது கையால் அழுத்திவிட்டுக்கொண்டாள்.

"'நாலு தடவை கணவரிடம் சொன்னாள்.' தடவை இல்ல, முறை!"

"ஆறுன்னு மாத்திடுங்க."

"எத்தனையா இருந்தா என்ன, 'முறை'ன்னு வரணும்!"

மேசையின் மறுகோடியில் அதே நாவலைப் படித்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். "அப்பா, அம்மா என்ன எழுதியிருக்காங்கன்னு கொஞ்சம்..."

"நீ வேற நடுவுல வராதே! பெரிய மனுஷி!"

பக்கம் முழுக்கச் சிவப்பானதும் அவருக்குத் திருப்தி. ஸ்கேலை எடுத்து வைத்தார். திருத்தி முடித்ததும் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்க்க வேண்டும். அதுவும் தொழில் பழக்கம்தான்.

"'கதாநாயகியின் கணவர் கெட்டவர் அல்லர். ஆனால், அவள் பேசினால் அவர் காதில் தப்புதான் விழும், பேச்சு விழாது. இரண்டு மாதங்களாக அவள் இடது கை மரத்துப்போகிறது. ஆறு முறை கணவரிடம் சொன்னாள். ஆறு முறையும் அவர் அவள் வார்த்தையைத் திருத்திவிட்டு எழுந்து போய்விட்டார்...'"

படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது.

"என்ன ஜென்மம் இவன்!"

"மேல படிங்க."

"'டாக்டர் கணவரையும் கூட்டிவரச் சொன்னார். எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் தனியாகத்தான் போவாள்.'" நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "தனியாவா? கட்டினவ கை மரத்துப்போச்சுன்னு சொல்றா, இவன் வார்த்தையைத் திருத்திட்டு இருக்கானா? மனுஷனா மரக்கட்டையா? நாலு பேர் முன்னால நிக்கவெச்சு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்கணும் இவனை!"

"நாவல்ல இந்த இடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"இல்லாம? அந்தப் புருஷன்காரனைப் படிச்சப்ப அன்னிக்கே எனக்கு ரத்தம் கொதிச்சுது!"

மகள் நாவலை மூடி, அவர் முன்னால் தள்ளினாள்.

"அப்பா, இந்த நாவல்ல கதாநாயகிக்குக் கல்யாணமே ஆகல."

அவர் நாவலைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார்.

"நாவலைப் பத்தி எழுதினதை அம்மா போன வாரமே அனுப்பியாச்சு. இது வேற."

மூடாத பேனா விரலிடுக்கில் நின்றது. இப்போதுதான் அவர் மனைவியின் இடது கையைப் பார்த்தார்.

"கையில சிவப்புப் பேனா இருந்தாத்தானே நீங்க படிப்பீங்க?" என்றாள் அவள். பிறகு, அவர் குறுக்கே வெட்டிய இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

"வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்காங்க. உங்களையும்."