முறுக்கக் கூடாத இழை

குந்திக் குந்தி கிறிஸ்டோபருக்கு முட்டி கடுக்கிறது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு கம்பத்தடியில், குடை நிழலில், இணைய கேபிளின் கண்ணாடி இழையைத் துடைத்து நுனி வெட்டுகிறார். இனி நுனியைத் தொடாமல் ஒட்டும் மெஷினில் வைக்க வேண்டும். ஆனால் இருபது வருடம் தறிதறியாகப் போய்ப் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை முறுக்கிச் சேர்த்த கை அது. கட்டைவிரல் தானாகப் போய் நுனியை உருட்டிவிடுகிறது. மூன்றாம் முறையும் மெஷினில் சிவப்பு எரிகிறது. “இன்னாண்ணா, திரும்பவும் முறுக்கிட்டீங்களே! இது கண்ணாடிண்ணா, பட்டு இல்ல” என்கிறாள் வேலை பழக்கும் சித்தாரா. “இன்னிக்கு ஒண்ணாவது ஒட்டுனாதான் உங்கள வேலைக்கு எடுப்பாங்க.” எதிர்வீட்டு நெசவாளி வாசலில் நின்று சிரிக்கிறார். “எங்க தறிக்கு நாலாயிரம் நூலு முறுக்குனவன்தானே நீ? ஒத்த நூலுக்கு இன்னாபா இம்மாம் நேரம்?” கிறிஸ்டோபர் அடுத்த இழையைத் துடைத்து வெட்டுகிறார். கட்டைவிரல் மறுபடி நகர்கிறது. இடது கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். இப்போது இழையை மெஷினில் வைக்கக் கை இல்லை. மெஷின் திறந்தபடி காத்திருக்கிறது. இந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டத் தங்கை கிரேஸ் விற்ற தையல் மெஷினுக்குப் பதிலாக அவர் இன்னும் ஒன்று வாங்கித் தரவில்லை.