வேறு கேள்வி இல்லை

“அப்பா பேரு இல்லாதவங்க என்னக்கா எழுதறது?”

எஸ்டேட் பள்ளியில் விண்ணப்பப் பாரத்தை நீட்டி ஏழு வயது செரீனா அப்படிக் கேட்டு இருபது வருடமாகிறது. “எங்கப்பா பேரப் போட்டுக்க. கிரகரி. அவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு” என்று பென்சிலை வாங்கி எழுதிக் கொடுத்தவள் பன்னிரண்டு வயது டெபோரா.

அந்தச் செரீனாதான் இப்போது ரிங்லெட் ஊர் மாதா கோயில் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அந்தக் கோயில் ஈப்போ நகரில் நடத்தும் மாணவர் விடுதியில் எஸ்டேட் பிள்ளைகளுக்குப் பத்து இடம். அதற்கான விண்ணப்பத்தை இணையத்தில் அமைத்தவளும் அவளே. இன்று கடைசி நாள்.

தேயிலை ஆலையின் மதிய இடைவேளையில் டெபோரா மகன் ரொனால்டுக்காக அதைக் கைப்பேசியில் நிரப்பினாள். தகப்பன் பெயர் கேட்ட இடத்தில் ‘இல்லை’ என்பதைத் தொட்டாள். ‘நன்றி. வேறு கேள்வி இல்லை’ என்று பாரம் மூடிக்கொண்டது.

“அவ்ளோதானா? என்னைய ஆறு பக்கம் கேட்டுச்சுலா!” என்றாள் பக்கத்தில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த பார்பரா. “சம்பளச் சிலிப், அப்பா ஐசி கார்டு, கல்யாண சர்ட்டிபிகேட்... அப்பா இல்லேன்னதும் ஒன்ன வெளிய தள்ளிடுச்சு. எந்தப் பதிலுக்கு எந்தப் பக்கம்னு செஞ்சவங்கதான் வச்சிருப்பாங்க. மெஷினுக்கு என்னா தெரியும்?”

டெபோரா தன் பொட்டலத்தைப் பிரிக்காமலே எழுந்தாள். வேறு யாராவது செய்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஒரு காய்கறி லோரியில் இடம் கேட்டு ஏறி ரிங்லெட் போனாள். அலுவலகத்தில் செரீனா மட்டும் இருந்தாள்.

“நல்லா இருக்குடி. அந்தக் கட்டம் எப்படிக் குத்தும்னு ஒனக்குத் தெரியாதா? நீயே எம்புள்ளைய வெளிய தள்ளிட்டியே!”

செரீனா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, கணினித் திரையைத் திருப்பினாள். பாரத்துக்கு அவள் இட்டிருந்த கட்டளை அதில் இருந்தது: தகப்பன் பெயர் ‘இல்லை’ என்றால், மற்றப் பக்கங்களைக் காட்டாதே, பொறுப்பாளர் பெயரை நீயே நிரப்பி ஏற்றுக்கொள்.

கீழே ரொனால்டின் விண்ணப்பம், ‘ஏற்கப்பட்டது’ என்று. டெபோரா குனிந்து பொறுப்பாளர் கட்டத்தைப் படித்தாள்.

“எம் பேரத்தான் போட்டிருக்கேன்க்கா.”