கடைசிச் சரணம்

"எங்கே, அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை பாடு."

"வலியோரை வாழ்த்தினார், எளியோரை வீழ்த்தினார்... சரியா ஆன்ட்டி?"

"ரொம்பச் சரி," என்றாள் சகுந்தலா.

சரியே இல்லை. வலியோரை வீழ்த்தினார், எளியோரை வாழ்த்தினார் என்பதுதான் பாட்டு. அகந்தைக்காரர்களை ஆண்டவர் ஆசனத்திலிருந்து இறக்கிவிட்டு, தாழ்ந்து கிடப்பவர்களைக் கைதூக்கி விடுகிறார் என்ற வேத வாக்கை வைத்துப் போதகரே இந்தக் கிறிஸ்துமஸுக்காக எழுதிய புதுக் கீர்த்தனை. இரண்டு சொற்களை இடம் மாற்றினால் போதும், ஆண்டவரே கட்சி மாறிவிடுவார்.

சகுந்தலா மாற்றியிருந்தாள்.

சஹானா கரக்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்த பெண். அவள் பேசும் தமிழிலேயே பாதி வங்காளம். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. வேலை கிடைத்து கொல்கத்தா வந்து, தமிழ்ச் சபையின் பாடகர் குழுவில் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் கிறிஸ்துமஸ் தனிப்பாட்டு அவளுக்கு என்று போதகர் அறிவித்துவிட்டார். இருபத்திரண்டு வருடமாக அந்த இடத்தில் நின்று பாடிய சகுந்தலா, மற்றவர்களோடு சேர்ந்து கைதட்ட வேண்டியதாயிற்று.

அதோடு விட்டாரா? "உச்சரிப்பை நீங்களே சொல்லிக் குடுத்துடுங்கம்மா. உங்களை விட்டா யாரு இருக்கா?" என்றார்.

குழு ஒத்திகையில் எல்லோரும் சேர்ந்து பாடுவது பல்லவி மட்டும். சரணங்களை சஹானா டாக்குரியாவில் இருக்கும் சகுந்தலாவின் ஃப்ளாட்டுக்கு வந்து கற்றுக்கொண்டாள். மற்ற சரணங்களை சகுந்தலா ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தாள். கடைசிச் சரணத்தில்தான் கைவைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் வந்தபோது சஹானா தயங்கியபடி கேட்டாள். "ஆன்ட்டி, வாழ்த்துன்னா நல்ல வார்த்தைதானே? பர்த்டேக்கெல்லாம் சொல்லுவாங்களே?"

சகுந்தலா அவசரமாக மறித்தாள். "அது பேச்சுக்கு. பாட்டுல அர்த்தம் மாறும்."

சஹானா அவள் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். "அச்சா," என்று தலையாட்டிவிட்டுப் பாட ஆரம்பித்தாள்.

தப்பான சொற்களோடு பாடினாலும் அந்தக் குரல் அறையை நிறைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வழிந்தது. மாடி வீட்டு போஸ் மனைவி பால்கனியில் குனிந்து, "யார் பாடறது? என்ன குரல்!" என்று வங்காளத்தில் கேட்டாள். இத்தனை வருடமாக இதே அறையில் தினமும் சாதகம் செய்யும் சகுந்தலாவை அவள் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை.

'இது பழிவாங்கல் இல்லை. தள்ளப்பட்டவள் நான், மேலே ஏறி உட்கார்ந்தவள் அவள். அவளை இறக்குவது ஆண்டவரின் வேலை. நான் கொஞ்சம் கைகொடுக்கிறேன், அவ்வளவுதான்,' என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

இரண்டு வாரம், தினமும் பத்துத் தடவை அந்த வரியைத் தானே பாடிக் காட்டி, அவளையும் பாடவைத்தாள்.

கிறிஸ்துமஸ் காலை. சஹானா கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து, கிசுகிசுவென்று பேசினாள்.

"தொண்டை கட்டிப்போச்சு ஆன்ட்டி. குரலே வரல. நீங்க பாடுங்களேன்."

போதகரும் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "சகுந்தலாம்மா, நீங்கதான் காப்பாத்தணும்!"

சகுந்தலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கர்த்தர் நீதி செய்துவிட்டார்! போதகர் நீட்டிய பாட்டுத் தாளைக்கூட அவள் வாங்கவில்லை. "எதுக்குங்க? எல்லாம் மனப்பாடம்."

பட்டுப்புடவையைச் சரிசெய்துகொண்டு மைக்கின் முன்னால் போய் நின்றாள். முதல் சரணம் கணீரென்று வந்தது. இரண்டாவதும் அப்படியே. சபை மொத்தமும் தன்னையே பார்ப்பது தெரிந்தது. தலை நிமிர்ந்து, கண்ணை மூடி, கடைசிச் சரணத்தை எடுத்தாள்.

"வலியோரை வாழ்த்தினார்..." இரண்டு வாரம் பழகிய நாக்கு தன் பாட்டுக்கு ஓடியது. "எளியோரை வீழ்த்தினார்!"

சபையில் சலசலப்பு எழுந்தது. பாட்டை எழுதிய போதகரின் முகம் வெளிறியது. தன் வாயிலிருந்து வந்தது சகுந்தலாவின் காதிலும் விழுந்தது. அடுத்த சொல் எழவில்லை. கீபோர்டு மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "வலியோரை வீழ்த்தினார், எளியோரை வாழ்த்தினார்!"

சஹானா. குரலில் துளிக் கரகரப்பு இல்லை. மஃப்ளரை அவிழ்த்தபடி முன்னால் வந்து, சகுந்தலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மிச்சப் பாட்டை இருவரும் சேர்ந்து முடித்தார்கள்.

ஆராதனை முடிந்து எல்லோரும் கேக் வாங்கப் போனபின், சகுந்தலா அவளைத் தனியே பிடித்தாள். "உன் தொண்டை..."

"தொண்டைக்கு ஒண்ணுமில்ல ஆன்ட்டி. முதல் நாளே அம்மாவுக்கு போன்ல பாடிக் காட்டினேன். வேத வசனத்துக்குத் தலைகீழா வார்த்தை மாறியிருக்குன்னு அப்பவே சொல்லிட்டாங்க. நீங்க ஏன் தப்பாச் சொல்லித் தரீங்கன்னு எனக்குப் புரியல. அப்புறம் குழுவுல கேட்டப்பதான் தெரிஞ்சுது, அது இத்தனை வருஷமா உங்க இடம்னு." சஹானா தலையைக் குனிந்துகொண்டாள். "உங்களுக்கே திருப்பிக் குடுத்துடலாம்னுதான் பொய் சொன்னேன். நீங்களும் தப்பாப் பாடுவீங்கன்னு சத்தியமா நினைக்கல ஆன்ட்டி."