தையலம்மா இன்னும் வரவில்லை

"எல்லாரும் வந்தாச்சு. அந்தத் தையலம்மாவை மட்டும் காணோம்!"

அருங்காட்சியக வாசலில் நின்றுகொண்டு குடியிருப்புச் சங்கச் செயலாளர் மூன்றாவது முறையாக விசில் ஊதினார்.

குடியிருப்புக்காரர்கள் இருபது பேரை ஞாயிற்றுக்கிழமை ஒரு வேனில் ஏற்றி நகரத்தைச் சுற்றிக் காட்டுவது அவருடைய ஏற்பாடு. ஒரு மாதமாக மனிதர் வேறு வேலையே பார்க்கவில்லை. இடத்துக்கு அரை மணி நேரம் என்று அட்டவணை போட்டு, நகல் எடுத்து, ஆளுக்கொன்று கொடுத்திருந்தார். முதல்நாள் ராத்திரி அவருக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. எதையாவது மறந்துவிட்டோமோ என்று எழுந்து எழுந்து எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டே இருந்தார்.

அட்டவணையின் கடைசி வரி ஏரியில் படகு சவாரி. ஐந்தரை மணிக்குக் கடைசிப் படகு. கல்யாணமான புதிதில் மனைவிக்குக் கொடுத்த வாக்கு அது. இருபத்தைந்து வருடமாக அப்படியே கிடந்தது.

இருபத்தைந்து நிமிடம் கழித்துத் தையலம்மா ஆடி அசைந்து வந்தார். இரண்டாவது மாடியில் மெஷின் போட்டுத் துணி தைப்பவர்.

"எங்கம்மா போனீங்க?"

"உள்ள ஒரு யானை எலும்புக்கூடு இருக்கு சார். மொத்தம் எத்தனை எலும்புன்னு எண்ணிட்டிருந்தேன். நடுவுல கணக்கு விட்டுப்போச்சு. மறுபடி முதல்லேர்ந்து எண்ண வேண்டியதாயிடுச்சு."

எல்லோருக்கும் சிரிப்பு வந்தது, செயலாளரைத் தவிர.

அடுத்தது மிருகக்காட்சி சாலை. அங்கே அரை மணி நேரம் தாமதம். விசில் ஊதி ஊதிச் செயலாளருக்குக் கன்னம் வலித்தது.

"குட்டிக் குரங்கு ஒண்ணு என்னையே பாத்துக்கிட்டிருந்துச்சு சார். அது பாத்துட்டிருக்கும்போது நான் பாட்டுக்குக் கிளம்பி வந்தா மரியாதையா இருக்குமா?"

"குரங்குக்கு மரியாதை. எனக்கு வேணாமா?"

"விடுங்களேன்," என்றார் மனைவி. "ஊர் சுத்த வந்துட்டு மணியையே பாத்துட்டிருந்தா சந்தோஷப்பட முடியுமா?"

"நீ சும்மா இரு. உனக்காகத்தான் சொல்றேன்."

அதற்கடுத்து ஆறு மாடித் துணிக்கடை. இந்த முறை முழுசாக நாற்பது நிமிடம். தையலம்மா உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் ஒரே ஒரு பட்டன்.

"இந்த நிறம் கிடைக்கிறது குதிரைக்கொம்பு சார்."

"நாப்பது நிமிஷத்துக்கு ஒரு பட்டனா?"

"நாலு ஓட்டை வச்ச பட்டன் சார்."

வேன் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது, கடைசிப் படகு நடு ஏரியில் போய்க்கொண்டிருந்தது.

செயலாளருக்கு வந்ததே கோபம்! நோட்டை எடுத்தார். எல்லோருக்கும் முன்னால் தையலம்மாவின் பெயரை அடித்தார்.

"அடுத்த வருஷம் உங்களுக்கு இடம் கிடையாது! மத்தவங்க நேரம்னா உங்களுக்கு அவ்வளவு இளப்பமா?"

"சரிங்க சார்," என்றார் தையலம்மா, முகம் கோணாமல்.

"இருபத்தஞ்சு வருஷம் இருந்தாச்சு. இன்னும் ஒரு வருஷம் இருக்க மாட்டேனா?" என்று மனைவி சமாதானம் சொன்னார். கரையில் உட்கார்ந்து தண்ணீரில் கால் நனைத்துச் சிரித்தார். செயலாளர் மனம்தான் ஆறவில்லை.

திரும்பும்போது தையலம்மா டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, வழியெல்லாம் அவரிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். செய்வதையும் செய்துவிட்டு அரட்டை வேறா என்று செயலாளர் பல்லைக் கடித்தார்.

எட்டு மணிக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் இறங்கிப் போனதும் செயலாளர் டிரைவரிடம் போனார்.

"மன்னிச்சுக்கோங்க தம்பி. அந்தம்மாவால உங்களுக்கும் ஒன்றரை மணி நேரம் வீண்."

"வீணா? அந்த ஒன்றரை மணி நேரந்தான் சார் நான் தூங்கினேன்."

"என்னது?"

"காலைல என் கண்ணு செருகுறதை அக்கா கண்ணாடியில பாத்துட்டாங்க. நீங்க குடுத்த அரை மணி நேரம், வண்டி நிறுத்த இடம் தேடவே போயிடும் சார். 'நிறுத்தினதும் சீட்டைச் சாய்ச்சுப் படு தம்பி. நான் வராம வண்டி கிளம்பாது. திட்டை நான் வாங்கிக்கறேன்'னாங்க."

செயலாளர் காலி சீட்டுகளைத் திரும்பிப் பார்த்தார். வேனில் இருபது பேர். அதில் அவர் மனைவியும் ஒருத்தி.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நானும் அதைத்தான் சொன்னேன். 'வேணாம்பா, மனுஷன் ஆசை ஆசையா ஏற்பாடு பண்ணியிருக்காரு. தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாரு'ன்னுட்டாங்க."

"நான் எதுக்குய்யா கஷ்டப்படணும்? ராத்திரி தூங்காம இருந்தது நீங்க! வண்டி ஓட்டறவருக்குப் பொறுப்பு வேணாமா?"

"ஒன்பது மணிக்கே படுத்துட்டேன் சார். பதினோரு மணிக்கு ஒரு போன். ஒரு மணிக்கு ஒண்ணு. மூணு மணிக்கு ஒண்ணு. வண்டித் தொழில்ல இருந்துக்கிட்டு போனை அணைச்சு வைக்கவும் முடியாது."

"அர்த்த ராத்திரியில எந்த மடையன் போன் பண்ணினான்?"

டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"நீங்கதான் சார். 'தம்பி, நல்லாத் தூங்குங்க, காலைல வண்டி ஓட்டணும்'னு மூணு தடவையும் சொன்னீங்க."