முப்பது ஆடும் ஓர் ஓக் மரமும்

பானே மலைச்சரிவில் பாறை சுடுகிறது. கிழவர் கிதிர் மூன்று வருடமாகக் கோடரி படாமல் காத்த ஓக் மரத்தின் உச்சியில் பக்கத்து வீட்டு உஸ்மான் நின்று வெட்டுகிறான்; கிளைகளை ஏற்றிப்போக அவன் கழுதை கீழே நிற்கிறது. ஓரமெல்லாம் பல் பல்லாக, அடியில் சாம்பல் நிறமான இலைகளோடு, பச்சைக் கொட்டைகளோடு கிளைகள் விழுகின்றன. பனி இறங்கி மரம் மொட்டையாகும்போது ஆடுகளுக்கு, இப்போதே வெட்டிக் காயவைத்த இந்த இலையைத்தான் போட வேண்டும். கிதிருக்கு வேறு மரம் இல்லை. “இறங்குடா திருட்டுப் பயலே!” “எல்லைக் கல்லைப் போய்ப் பாரு மாமா. மரம் என் பக்கம்.” “நேத்து நீ நகர்த்துன கல்லையா? உன் நாலு தம்பியும் மூச்சு வாங்குனது என் வீடு வரைக்கும் கேட்டுச்சே!” மேலே சிரிப்பு; மறுபடி கோடரி. கிழவர் இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டி அடிக்கிறார். முப்பது ஆடுகள் பாறை தாவி வந்து, விழுந்த கிளைகளில் வாய் வைக்கின்றன. இலை கடிபடும் சத்தம் மரத்தடியை நிறைக்கிறது. “ஆட்டை ஓட்டு மாமா! பனிக்கு எதைப் போடுவ?” “எதையோ போடுறேன். உன் கழுதை முதுகுல ஒரு இலை ஏறாது. நீ வெட்டுடா!” கோடரி நின்றுவிடுகிறது. குளிர்காலத் தீனி கிழவர் கண்ணெதிரே தீர்கிறது. வயிறு நிறைந்து ஒதுங்கிய ஒரு கிழட்டு ஆட்டைக் கொம்பைப் பிடித்து இழுத்து வந்து, அதன் மூக்கை மறுபடி இலைக்குள் அழுத்துகிறார்.