முதல் மடக்கு

விவாகரத்துப் பேச்சை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கணவனும் மனைவியும் அந்தப் பெரிய ஓட்டலில் சமாதான விருந்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். சர்வர் அவன் கோப்பையில் மட்டும் ஒரு மடக்கு ஒயின் ஊற்றினார்.

"எனக்கு மட்டும் எதுக்கு?"

"விருந்து கொடுக்கறவங்க முதல்ல குடிச்சுக் காட்டணும் சார். விஷம் இல்லேன்னு விருந்தாளி நம்பறதுக்காக, ராஜா காலத்துலேர்ந்து வர்ற பழக்கம்."

சிரித்தபடி ஒரே வாயில் குடித்தான். லேசாகக் கசந்தது. உசத்திச் சரக்கு என்று நினைத்துக்கொண்டான்.

"அவளுக்கும் ஊத்துங்க."

மனைவி கோப்பையைக் கையால் மூடிக்கொண்டாள். "எனக்கு வேண்டாம்."

சர்வர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுடுங்கம்மா! டேபிள் புக் பண்ணினது நீங்க. பாட்டிலும் நீங்க வீட்லேர்ந்து கொண்டு வந்தது. பழக்க தோஷத்துல சாருக்கு ஊத்திட்டேன். முறைப்படி நீங்கதான் முதல்ல குடிச்சிருக்கணும்."

"அதனால என்ன," என்றாள் அவள், கணவனின் முகத்தையே பார்த்தபடி. "அதான் அவர் குடிச்சிட்டாரே."